முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற வீடு: படுக்கையில் தொடங்கி வாசல் வரை

வீட்டில் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு இந்த யோசனையே வருகிறது. உடனே கடைக்குப் போய் நாலு கைப்பிடிக் கம்பி, ஒரு வாக்கர், வழுக்காத மிதியடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வருகிறார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் கம்பியில் துண்டு காய்கிறது, வாக்கர் மூலையில் நிற்கிறது. பொருளில் குறையில்லை. யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் தேவை என்று பார்க்காமல் வாங்கியதுதான் கோளாறு.

விழுவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள்; விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்.

வேலையை எங்கே தொடங்குவது? பலரும் வாசலில் சாய்தளம் கட்டுவதில் ஆரம்பிப்பார்கள். நான் படுக்கையில் ஆரம்பிக்கச் சொல்வேன். வாசலைத் தாண்டுவது நாளுக்கு ஒன்றிரண்டு முறை. கழிப்பறைக்குப் போவது பல முறை, அதிலும் இருட்டில், தூக்கக் கலக்கத்தில், அவசரத்தில். அந்த ஒரு பாதை சரியானாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

1. டேப்பை எடுக்கும் முன் ஒரு நாளைக் கவனியுங்கள்

அவர் காலையில் எழுவதிலிருந்து இரவு படுப்பது வரை எங்கெங்கே நிற்கிறார், எதைப் பிடிக்கிறார், எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள். கேட்டால் “எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை” என்றுதான் முதலில் சொல்வார். சுவர் உண்மையைச் சொல்லும். கழிப்பறைக் கதவின் நிலைச்சட்டத்தில், படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில், அலமாரியின் ஓரத்தில் கை பட்டுப் பட்டு மங்கிய அழுக்குத் தடம் இருக்கும். சிலர் வாஷ்பேசினின் விளிம்பைப் பிடித்து எழுந்திருப்பார்கள்; பேசினுக்கும் சுவருக்கும் இடையே பூசிய சிமென்ட் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கைப்பிடி வேண்டிய இடங்களை அவரே குறித்து வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆளுக்கே காலையில் ஒரு நிலை, மாலையில் ஒரு நிலை இருக்கும். மூட்டுவாதம் உள்ளவருக்கு எழுந்தவுடன் விறைப்பு அதிகம். பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு மாத்திரையின் வீரியம் குறையும் நேரத்தில் கால் நகர மறுக்கும். நல்ல நேரத்தில் பார்த்துவிட்டு “நன்றாகத்தான் நடக்கிறார்” என்று முடிவு கட்டக் கூடாது.

அப்புறம் முக்கியமான ஒன்று: முடிவு அவருடையது. பிள்ளைகள் கூடிப் பேசி, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் வீட்டையே மாற்றி வைப்பது நல்ல எண்ணத்தில் செய்தாலும் அடாவடிதான். எந்தப் பக்கக் கால் பலமானது, எந்தக் கையில் பிடிமானம் இருக்கிறது, எதைத் தானாகச் செய்ய ஆசைப்படுகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் தொழில்முறைச் சிகிச்சையாளரோ (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) பிசியோதெரபிஸ்டோ வீட்டுக்கு வந்து பார்க்க வழி இருந்தால், பொருள் வாங்கும் முன் கூப்பிடுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணம், வேண்டாத சாமான் வாங்காமல் மிச்சமாகும் பணத்திலேயே ஈடாகிவிடும்.

2. அளவெடுங்கள்

சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் 60 முதல் 70 செ.மீ. அதைத் தள்ளும் கைகளுக்கும் இடம் வேண்டும். அதனால் கதவு திறந்த நிலையில் கிடைக்கும் வழி குறைந்தது 80 செ.மீ., வசதியாகப் போக 90 செ.மீ. இங்கே பலர் நிலைச்சட்டத்தின் உள்பக்கத்தை மட்டும் அளந்துவிடுவார்கள். கதவை 90 டிகிரி திறந்து வைத்து, கதவுப் பலகையின் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலை வரை அளக்க வேண்டும். பலகையின் தடிமனும் கைப்பிடியும் சேர்ந்தே சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும்.

சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் தேவை. படுக்கையறையிலும் கழிப்பறையிலும் தரையில் சாக்பீஸால் அந்த வட்டத்தை வரைந்து பாருங்கள். எந்தச் சாமான் வழிமறிக்கிறது என்று உடனே தெரியும். தரையில் இருக்கும் ஏற்ற இறக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 13 மி.மீ. உயரத்துக்கு மேல் உள்ள எந்த விளிம்பும் சக்கரத்தை நிறுத்தும், காலை இழுத்து நடப்பவரின் விரலைத் தட்டிவிடும்.

கடைசியாக, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளந்து எழுதி வையுங்கள். கட்டில், நாற்காலி, கழிப்பறை மூன்றுக்கும் இந்த ஒரு அளவுதான் அடிப்படை.

3. செலவில்லாமல் முடியும் வேலைகள்

தரையில் மடங்கிக் கிடக்கும் சிறு விரிப்புகளை எடுத்துவிடுங்கள். ஒட்டவைக்கலாம், ஓரத்தைத் தைக்கலாம் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம்; எடுப்பதுதான் நல்லது. நடைபாதையின் குறுக்கே போகும் மின்வயர், காலில் தட்டும் சின்ன ஸ்டூல், கதவோரம் குவிந்த செருப்பு எல்லாம் இதே கணக்கு.

தினமும் எடுக்கும் பொருள்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். மேல் தட்டில் இருப்பதை எடுக்க ஸ்டூல் மேல் ஏறுவதும், கீழ்த் தட்டுக்காகக் குனிந்து சட்டென்று நிமிர்வதும் தலைசுற்றலில் முடியும்.

நாற்காலி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். ஆழமான, மெத்தென்ற சோபா பெரியவர்களுக்கு எதிரி. அதில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும். எழுந்திருக்கத் தொடைக்கு இரட்டிப்பு வேலை. நீங்கள் எடுத்த முழங்கால் அளவுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ உயரம் உள்ள, உறுதியான கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். கைப்பிடி இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும், ஏனென்றால் எழும்போது கை ஊன்றுவது அங்கேதான். இருக்கும் நாற்காலியே நல்லது என்றால் கால்களுக்குக் கீழே குழியுள்ள மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். செங்கல்லை அடுக்கி நிறுத்துவது மட்டும் வேண்டாம், நகர்ந்துவிடும்.

4. இரவுப் பாதை

கட்டிலின் உயரம்: விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். மெத்தை அமுங்கிய பிறகு வரும் உயரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இது 45 முதல் 50 செ.மீ.க்குள் வரும். எழுந்தவுடன் நடக்காமல், விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து காலை அசைத்துவிட்டு எழச் சொல்லுங்கள். படுத்த நிலையிலிருந்து சட்டென்று நின்றால் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும்.

கைத்தடியோ வாக்கரோ கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். தடி வழுக்கி விழாமல் இருக்கக் கட்டில் சட்டத்தில் ஒரு சின்ன கொக்கி போதும்.

வெளிச்சத்துக்கு வருவோம். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதில் அடைந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். உங்களுக்குப் போதும் என்று தோன்றும் வெளிச்சம் அவருக்கு அரையிருட்டு. ஆனால் நள்ளிரவில் பளீரென்று கூரை விளக்கைப் போட்டால் கண் கூசும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் மாறிப் பழக முதிய கண்ணுக்கு நேரம் பிடிக்கும். அதனால் இரவில் முழங்காலுக்குக் கீழே, தரையை மட்டும் காட்டும் மங்கலான மஞ்சள் விளக்குகளை, ஆள் அசைந்தால் தானாக எரியும்படி வையுங்கள். கட்டிலடியில் ஒன்று, வழியில் ஒன்று, கழிப்பறை வாசலில் ஒன்று. முதல் விளக்கு அவர் காலைக் கீழே வைக்கும்போதே எரிய வேண்டும். நாலடி நடந்த பிறகு எரிந்து பயனில்லை.

பாதை எவ்வளவு சரி செய்தாலும் கழிப்பறை தூரம் என்றால், கட்டிலருகே இரவுக்கு மட்டும் ஒரு கமோடு நாற்காலி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதையும் அவர் சம்மதித்த பிறகே.

5. குளியலறையும் கழிப்பறையும்

வீட்டிலேயே அதிகப் பணத்தையும் கவனத்தையும் போட வேண்டிய இடம் இது. தண்ணீர், சோப்பு, கெட்டியான தரை, குறுகிய இடம், பூட்டிய கதவு எல்லாம் ஒன்று சேரும் அறை வேறு இல்லை.

முதலில் கதவு. கழிப்பறைக் கதவு பெரும்பாலும் உள்பக்கம் திறக்கும். உள்ளே விழுந்தவரின் உடல் கதவை அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து தள்ளவும் முடியாது, உடைத்தால் அவர்மேலேயே விழும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்யுங்கள். வெளியே இடமில்லை என்றால் பக்கவாட்டில் நகரும் கதவு. தாழ்ப்பாளை முழுதாக எடுத்துவிடும் வீடுகளும் உண்டு. அது அவருடைய மானத்தில் கை வைப்பது. உள்ளே பூட்டினாலும் அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டுகள் இருக்கின்றன. அதைப் போடுங்கள்.

கழிப்பறை இருக்கையின் உயரம் 43 முதல் 48 செ.மீ. வரை இருந்தால் பெரும்பாலானோருக்குச் சரி. குறைவாக இருந்தால் மேலே பொருத்தும் உயர்த்தி கிடைக்கும். ஆடாமல் திருகிப் பிடிக்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். தரையோடு பதித்த கழிப்பறை என்றால், அதன்மேல் நிறுத்தும் இருக்கைச் சட்டம் தற்காலிகத் தீர்வு. சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்கார்பவருக்கு, இருக்கையின் ஒரு பக்கமாவது நாற்காலி அளவுக்கு வெற்றிடம் வேண்டும். பக்கவாதம் வந்தவர் என்றால் அது பலமான பக்கத்தில் இருப்பது நல்லது.

இனி கைப்பிடிக் கம்பி. இதில்தான் தவறுகள் குவிகின்றன.

கம்பியின் தடிமன் 32 முதல் 40 மி.மீ.க்குள் இருந்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி 38 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் விரல் நுழையாது. கூடினால் வழுக்கும்போது முன்கை உள்ளே போய் மாட்டிக்கொண்டு எலும்பு முறியும். உயரத்துக்குக் கட்டட விதிகளில் 84 முதல் 91 செ.மீ. என்று எழுதியிருக்கும். உட்கார்ந்து எழும் குள்ளமான பெரியவருக்கு அது தோளுக்குப் பக்கத்தில் போய்விடும், ஊன்றி எழ முடியாது. அதனால் துளை போடும் முன் அவரை இருக்கையில் உட்காரவைத்து, கையைச் சுவரில் இயல்பாக ஊன்றச் சொல்லி, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி ஒரு கோடு. இரண்டு கோடுகளையும் ஒரு ‘ட’ வடிவக் கம்பி சேர்த்துவிடும்: படுக்கைவாட்டுப் பகுதியில் ஊன்றி எழலாம், செங்குத்துப் பகுதியைப் பிடித்து நிற்கலாம். சாய்வாகப் பொருத்தினால் ஈரக் கை வழுக்கிக்கொண்டு கீழே வரும்.

கம்பி தாங்க வேண்டிய எடை குறைந்தது 113 கிலோ என்பது அமெரிக்க விதி. விழப் போகிறவர் பிடித்து இழுக்கும் வேகத்தைக் கணக்கில் வைத்தால் அது அதிகமில்லை. திடச் செங்கல் சுவரில் நல்ல ஆங்கர் போல்ட் தாங்கும். உள்ளீடற்ற கற்களால் கட்டிய சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது. ரசாயனப் பசையோடு இறக்கும் ஆங்கரோ, சுவரின் மறுபக்கம் வரை துளைத்துத் தகடு வைத்து முடுக்கும் போல்ட்டோ தேவை. ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் உள்ளே மரச்சட்டம் கொடுக்காமல் வேலையே தொடங்கக் கூடாது. துளைக்கும் முன் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எந்தத் தடத்தில் போகிறது என்று பிளம்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும், உங்கள் வீட்டில் எடை அதிகமான ஆள் யாரோ அவர் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்கட்டும்.

உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடிகளை நம்பவே வேண்டாம். காலையில் ஒட்டியிருக்கும், மாலையில் காற்று புகுந்து தளர்ந்திருக்கும். எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. துண்டு மாட்டும் கம்பியும் அப்படித்தான். இருந்தால் கை அதற்குத்தான் போகும். அதனால் கழற்றிவிட்டு அதே இடத்தில் கைப்பிடிக் கம்பியைப் போட்டு, துண்டையும் அதிலேயே தொங்கவிடலாம்.

தரைக்கு டைல்ஸ் மாற்றுவதாக இருந்தால் பெட்டியில் ‘ஆர்’ எண்ணைப் பாருங்கள். ஆர்9 முதல் ஆர்13 வரை உண்டு. எண் கூடக் கூட வழுக்கல் குறையும். குளியலறைக்கு ஆர்10, ஆர்11 பொருத்தம். அதற்கு மேல் போனால் சொரசொரப்பில் அழுக்கு சேர்ந்து, தேய்த்துக் கழுவுவது பெரிய பாடு. சின்ன டைல்ஸில் இணைப்புக் கோடுகள் அதிகம் என்பதால் ஈரக் காலுக்குப் பிடிப்பும் அதிகம். மாற்ற முடியாது என்றால் வழுக்காத பட்டைகளை ஒட்டலாம். ஓரம் தூக்க ஆரம்பித்தவுடன் புதிதாக மாற்ற வேண்டும். குளிக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டிய சின்னத் திட்டை உடைத்துவிட்டு, தரையையே 50-க்கு 1 என்ற சரிவில் வடிகால் பக்கம் சாய்ப்பது நிரந்தரத் தீர்வு.

குளியலுக்கு, கால் அகன்று நிற்கும், அடியில் ரப்பர் பூட்டிய குளியல் நாற்காலி. சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூல் ஈரத்தில் கால் விரிந்து சரியும். கூடவே நீளக் குழாயுள்ள கைஷவர், அதை உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் மாட்ட ஒரு கொக்கி.

வெந்நீரை மறந்துவிடாதீர்கள். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில விநாடிகளில் ஆழமான தீப்புண் ஏற்படுத்தும். 49 டிகிரியில் அதே புண் ஏற்படச் சில நிமிடங்கள் ஆகும். சர்க்கரை நோயில் பாத உணர்வு குறைந்தவருக்கும், தண்டுவடக் காயத்தால் உணர்விழந்தவருக்கும் சூடு தெரியாது. அதே சமயம், தேங்கும் வெந்நீர்த் தொட்டியின் சூட்டை ரொம்பக் குறைத்தால் உள்ளே நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் உண்டு. தொட்டியை 60-ல் வைத்து, குழாய்க்கு முன்னால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு பொருத்துவது இரண்டுக்கும் விடை.

6. மற்ற கதவுகள், சுவிட்சுகள்

உருண்டைக் கைப்பிடிகளை நெம்புகோல் வகைக்கு மாற்றுங்கள். முஷ்டியாலோ முழங்கையாலோ அழுத்தித் திறந்துவிடலாம். குழாய்களுக்கும் இதே விதி. கையில் குழந்தையோடு வருபவருக்கும் இது வசதிதான். இப்படி எல்லோருக்கும் பொதுவாக வடிவமைக்க வேண்டும் என்ற கருத்தை முன்னெடுத்தவர் ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். சிறு வயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவரும் அவர் குழுவினரும் 1997-ல் வகுத்த 7 கொள்கைகளை இன்றும் கட்டடக் கலை வகுப்புகளில் நடத்துகிறார்கள்.

வழி சில சென்டிமீட்டர் மட்டும் குறைகிறது என்றால் சுவரை இடிக்க ஓட வேண்டாம். கதவுப் பலகையை வழியிலிருந்து முழுதாக விலக்கும் வளைந்த கீல்கள் இருக்கின்றன. கதவின் தடிமன் அளவுக்கு இடம் கிடைக்கும். உள்ளறைகளில் கதவையே கழற்றித் திரை போடுவதும் ஒரு வழி.

சுவிட்சுகள் தரையிலிருந்து 90 முதல் 120 செ.மீ.க்குள், பிளக் பாயிண்ட்கள் 45 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அகலப் பட்டன் உள்ள சுவிட்ச் நல்லது.

7. வாசலும் படிக்கட்டும்

சாய்தளத்துக்குப் பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு 12-க்கு 1. ஒரு சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் நீளம். வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர். இதைக் கேட்டதும் முகம் சுருங்கும், “கொஞ்சம் செங்குத்தாகப் போட்டால் என்ன?” என்று கொத்தனார் கேட்பார். ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும், இறங்கும்போது கைக்கு அடங்காமல் ஓடும். தானே தள்ளிக்கொண்டு ஏறுபவருக்கு 12-க்கு 1 கூடச் சிரமம்தான். இடமிருந்தால் 15-க்கு 1, அல்லது 20-க்கு 1 போடுங்கள்.

அகலம் குறைந்தது 90 செ.மீ. 75 செ.மீ. உயரம் ஏறுவதற்குள் ஒரு சமதளம் வேண்டும். மேலும் கீழும் 150 செ.மீ. சமதளம் அவசியம், ஏனென்றால் சரிவில் நின்றுகொண்டு கதவைத் திறக்க யாராலும் முடியாது. சக்கரம் ஓரத்தில் இறங்காமலிருக்க இருபுறமும் 10 செ.மீ. உயரத் தடுப்பு. பாலிஷ் போட்ட கல்லோ வழவழ டைல்ஸோ வேண்டாம். பெருக்குமாறு கோடு இழுத்த சிமென்ட் தரை போதும். அவ்வளவு நீளத்துக்கு இடமில்லாத வீட்டில், ஒன்றிரண்டு படிகளுக்கு மடக்கும் அலுமினியச் சாய்தளம் உதவும், தள்ள ஆள் இருந்தால் மட்டும். அதற்கும் மேல் என்றால் மின்தூக்கி மேடைதான்.

நடக்கக்கூடியவருக்கு, நீளச் சாய்தளத்தைவிடத் தாழ்வான படிகளே பல சமயம் எளிது. இடுப்பும் கணுக்காலும் விறைத்தவர்களுக்குச் சரிவில் இறங்குவது வலிக்கும். ஆக, சாய்தளம் கட்டினாலும் படிகளை இடிக்காதீர்கள்.

படிகள் எல்லாம் ஒரே உயரமாக இருப்பதுதான் முதல் தேவை. காலுக்கு மூன்றாவது படியிலேயே உயரம் பழகிவிடும்; அதன்பின் ஒரு படி மட்டும் 2 செ.மீ. கூடினாலும் தடுக்கும். உயரம் 15 செ.மீ., மிதியின் அகலம் 30 செ.மீ. என்பது வசதியான அளவு. கைப்பிடி இருபுறமும் வேண்டும். ஒரு பக்கம் செயலிழந்தவர் ஏறும்போது வலது பக்கம் பிடித்தால் இறங்கும்போது இடது பக்கம்தானே கிடைக்கும்? அதோடு, கைப்பிடி முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் அப்பால் 30 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். படி முடியும் இடத்திலேயே கைப்பிடியும் முடிந்தால், கடைசி அடியை வெறுங்கையோடு வைக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்தில் தரைக்கு எதிர்நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டும் சேர்ந்த கண்ணாடி போட்டவர்களுக்குக் கீழ்ப்பகுதி வில்லை வழியே படி மங்கலாகத் தெரியும். இறங்கும்போது தலையைத் தாழ்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்குச் சுவிட்ச் மேலும் கீழும்.

8. சமையலறை

சுருக்கமாகச் சொல்லலாம். உட்கார்ந்து வேலை செய்ய மேடையின் ஒரு பகுதியை 75 முதல் 80 செ.மீ. உயரத்துக்கு இறக்கி, அடியில் முழங்கால் நுழைய சுமார் 68 செ.மீ. வெற்றிடம் விடுங்கள். தொட்டியின் அடியில் போகும் வெந்நீர்க் குழாய்க்கு உறை போட மறக்க வேண்டாம், உணர்வற்ற கால் அதில் படும். அடுப்பின் திருகுகள் முன்பக்கம் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் தீக்கு மேல் கை நீட்ட வேண்டிவரும். அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே தொடர்ச்சியான மேடை இருந்தால் கனமான பாத்திரத்தைத் தூக்காமல் நகர்த்தலாம். வயதானால் மோப்ப சக்தி மங்கும். எரிவாயு அடுப்புள்ள வீட்டில் கசிவு எச்சரிக்கைக் கருவி அவசியம்.

9. கண், காது, நினைவு

அணுகல் வசதி என்றாலே சக்கர நாற்காலிதான் என்ற எண்ணம் இருக்கிறது. பார்வை மங்கியவருக்குச் சாய்தளத்தால் பயனில்லை. அவருக்கு வேண்டியது நிற வேறுபாடு: வெள்ளைச் சுவரில் அடர்நிறக் கைப்பிடி, வெள்ளைக் கழிப்பறையில் அடர்நிற இருக்கை, வெளிர் மேடையில் இருண்ட பலகை. பாதி திறந்த கதவு அவருக்கு ஆபத்து. முழுதாகத் திறங்கள், அல்லது முழுதாக மூடுங்கள். அடுப்பு, சலவை இயந்திரம் போன்றவற்றில் அடிக்கடி தொடும் இடத்தில் புடைப்புப் புள்ளி ஒன்று ஒட்டுங்கள். பொருள்களை இடம் மாற்றாமல் இருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

காது கேளாதவருக்கு அழைப்புமணியோடு மின்னும் விளக்கு, தலையணைக்கடியில் அதிரும் அலாரம், புகை எச்சரிக்கைக்கும் அதே இணைப்பு. உட்காரும் இடங்களைப் பேசுபவரின் முகம் தெரியும்படி வட்டமாகப் போடுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேசினால் உதட்டசைவு நிழலில் மறைந்துவிடும்.

மறதி நோய் உள்ளவரின் கண்ணுக்குக் கறுப்பு மிதியடி குழி மாதிரித் தெரியலாம், பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியலாம். தாண்ட மறுத்து நிற்பார். அது பிடிவாதம் இல்லை. ஒரே நிற, மினுங்காத தரை நல்லது. கட்டிலில் படுத்தபடியே கழிப்பறை தெரியும்படி கதவைத் திறந்து வைத்தால் இரவு அலைச்சல் குறையும். கண்ணாடியில் தெரிவது யாரோ அந்நியர் என்று பயந்தால் கண்ணாடியை மூடிவிடுங்கள். பார்க்கின்சனில் கதவு வாசலில் கால் உறைந்துபோகிறவருக்கு, தரையில் குறுக்காக ஒட்டிய சில நாடாக் கோடுகள் உதவுவதுண்டு. ஒவ்வொரு கோடாகத் தாண்டும்போது கால் தானாக நகரும்.

10. வாடகை வீடு, புது வீடு

வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாது என்றால் தரைக்கும் கூரைக்கும் இடையே முடுக்கி நிறுத்தும் கம்பம், கழிப்பறையைச் சுற்றி நிற்கும் சட்டம், மடக்குச் சாய்தளம் போன்றவை போகும்போது கூடவே வரும். கம்பத்தை நிறுத்தும் முன் மேலே இருப்பது திடமான கூரையா, வெறும் அலங்காரத் தட்டா என்று தட்டிப் பாருங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் இப்போதே சில விஷயங்களைச் சேர்த்துவிடலாம்: படியில்லாத ஒரு நுழைவு, 90 செ.மீ. கதவுகள், தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் கழிப்பறையும், பின்னால் கம்பி பொருத்த வலுவான குளியலறைச் சுவர். கட்டும்போது இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். பிற்பாடு இடித்துச் செய்தால் பல மடங்கு.

11. அவசரத்துக்கும் பராமரிப்புக்கும்

விழுந்தவர் தரையில் கிடந்தபடியே உதவி கேட்க முடிய வேண்டும். மேசை மேல் இருக்கும் போன் அவருக்கு எட்டாது. கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் பொத்தான் நல்லது, குளிக்கும்போதும் கழற்றாத நீர்புகா வகையாக இருந்தால். கழிப்பறையில் இழுப்புக் கயிறு போட்டால் அது தரையிலிருந்து 10 செ.மீ. உயரம் வரை தொங்க வேண்டும். துடைக்க இடைஞ்சல் என்று வேலை செய்பவர்கள் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுவது எங்கும் நடக்கிறது. கண்ணில் பட்டால் உடனே அவிழ்த்துவிடுங்கள். தீப்பிடித்தால் எந்த வழியாக, யார் துணையோடு வெளியேறுவது என்று ஒருமுறை நடந்தே பாருங்கள். மின்தூக்கி அப்போது ஓடாது.

கம்பிகளின் திருகுகள், கமோடு உயர்த்தியின் பிடி, ஒட்டிய பட்டைகள், விளக்கு உணரிகளின் பேட்டரி ஆகியவற்றைச் சில மாதங்களுக்கு ஒருமுறை சரிபாருங்கள். கைத்தடி, வாக்கர் கால்களின் ரப்பர் புஷ் தேய்ந்து வழவழப்பானால் புதிய தரையும் பழைய தரையும் ஒன்றுதான்; விலை குறைந்த சாமான், தள்ளிப்போட வேண்டியதில்லை. அவர் மருத்துவமனையில் சில நாள் இருந்து திரும்பினாலோ, புது மருந்து தொடங்கினாலோ, கண்ணாடி மாறினாலோ, முதல் பகுதியில் சொன்ன ஒருநாள் கவனிப்பை மறுபடி செய்து, கம்பியின் உயரத்திலிருந்து எல்லாவற்றையும் அவரை வைத்தே அளந்து பாருங்கள்.